ராஜினாமா கடிதத்துக்கு அவசரமில்லை

கால் நசுங்கி, கம்பி வைத்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர் ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பும்போது சில இடங்களில் நீட்டப்படுவது ஒரு வெள்ளைத்தாள். “நீங்களே எழுதிக் கொடுத்துட்டா செட்டில்மென்ட் சீக்கிரம் வந்துடும்” என்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். வேலையில் இருப்பவரைத்தான் சட்டம் தாங்கிப் பிடிக்கும். தானாக விலகியவருக்காக வழக்காடுவது பெரும்பாடு.

அரசுப் பணியில் பாதுகாப்பு வலுவானது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 20(4) பிரிவு. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் மாற்றுப்பணி தர வேண்டும். அதற்கு இடமில்லையா? கிடைக்கும்வரை, அல்லது ஓய்வு வயதுவரை, கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இது பொருந்தும். சில சீருடைப் பணிகளுக்கு மத்திய அரசு விலக்கு அளித்திருக்கிறது. பஸ் ஓட்டுநருக்கு அப்படி ஏதும் இல்லை.

குணால் சிங் என்ற காவலர் பணியில் காயம்பட்டு இடது காலை இழந்தார். தகுதியற்றவர் என ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியம் வாங்கியதாலேயே வேலைக்கான உரிமை போய்விடாது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போதிருந்த 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு இருந்தது.

தனியார் ஊழியருக்கு 20(4) இல்லை. என்னைக் கேட்டால், சட்டத்தின் பெரிய ஓட்டையே இதுதான். அங்கே முதல் துணை இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு. வேலையிடத்திலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ அடிபட்டால், குணமாகும்வரை சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். அந்தக் காலத்தில் பணிநீக்கம் செய்யக் கூடாது. ஆனால், “சும்மா வந்து உட்காருங்க” என்று சூப்பர்வைசர் கூப்பிட்டார் என்று போய்விடாதீர்கள். வேலை செய்த நாளுக்கு உதவித்தொகை கிடையாது. எலும்பு கூடாத காலுக்கும் ஆபத்து. மருத்துவர் இறுதிச் சான்று தந்த பிறகு போகலாம்.

பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். கால் பழையபடி ஆகவில்லை என்றால் மருத்துவ வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சம்பாதிக்கும் திறன் நிரந்தரமாகக் குறைந்தது என்று வாரியம் சொன்னால் வாழ்நாள் முழுக்க உதவித்தொகை உண்டு. மறுபடி வேலைக்குப் போனாலும் அது நிற்காது.

சாலை விபத்தென்றால் ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்கிறது சட்டம். அங்கே ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதம் மட்டும் கணக்கில்லை. அதே 40 சதவீத ஊனம் மூட்டை தூக்குபவரின் பிழைப்பையே பறிக்கலாம். கணக்கெழுதுபவருக்கு ஒன்றும் குறையாமலும் போகலாம். 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிய வேறுபாடு இது. நீங்கள் செய்த வேலை என்ன என்பதற்கு ஆதாரம் வையுங்கள்.

எத்தனை மணி நேரம் நிற்கலாம், மாடி ஏறலாமா, எவ்வளவு எடை தூக்கலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, அதை இணைத்து மாற்றுப்பணி கேட்டு மனு கொடுங்கள்; நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லையா? சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி இலவசம்.