ஆபரேஷன் முடிந்தாலும் அசரக்கூடாது!

காஞ்சீபுரம் குழந்தை சஞ்சய்க்குப் பிறவியிலேயே பித்தநாள அடைப்பு. கல்லீரல் கெட்டது. 1998 நவம்பரில் டெல்லி அப்பல்லோ ஆஸ்பத்திரியில் தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். குழந்தைக்குச் செய்து இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்று ஆபரேஷன் அது. அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டரே ஆகிவிட்டார்!

2019 வரை அதே மாவட்டத்தில் இருந்த கோவிலம்பாக்கத்துத் தாய்மார்களும் இதை அறிய வேண்டும்.

60 நாள் கெடு

பிறந்து 2 வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லையா? மலம் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறதா? "வெயில்ல காட்டினா சரியாயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். குடலைக் கல்லீரலோடு இணைக்கும் 'கசாய்' ஆபரேஷனை 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். (கஷாயம் அல்ல; ஜப்பான் டாக்டரின் பெயர்!)

காய்ச்சலா? ஓடுங்கள்!

ஆபரேஷனோடு ஆபத்து தீராது. பிறகு காய்ச்சல் அடித்தால், மருந்துக்கடை சொட்டு மருந்தோடு நிற்காதீர்கள். பித்தநாளத்தில் கிருமி தொற்றியிருக்கலாம். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மலத்தின் நிறத்தைத் தினமும் பார்க்க வேண்டும். எடை ஏற வேண்டும். டாக்டர் எழுதிய வைட்டமின் ஏ, டி, இ, கே மருந்துகளை நிறுத்தக்கூடாது.

அதையும் மீறிக் கல்லீரல் கெட்டால்? மாற்று ஆபரேஷனுக்கு முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். காஞ்சீபுரத்துத் தந்தை காட்டிய வழியும் இருக்கிறது.