மூன்று வாசல் வழியே ஒரு உறக்கம்

உறக்கத்தைப் பரிசோதிக்கிற லேபுக்குள் என்னை விட்டுவிட்டார்கள்! நோயாளி உறங்குகிற அறைக்குள் அல்ல, அதற்கு அடுத்த சின்ன அறைக்குள். விஷயமே அங்கேதான் நடக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர் திரை, ஒரு ஹெட்போன், பிளாஸ்கில் கட்டன்சாயா. சுவரில் மாட்டிய டிவியில், இருட்டிலும் பார்க்கிற கேமரா அனுப்புகிற சாம்பல்நிறப் படம். படத்தில் மல்லாந்து கிடப்பவர் என் மாமா. 54 வயது, ரப்பர் பால்வெட்டு, சொந்த ஊர் திருவட்டாறு. உச்சந்தலையிலிருந்து கணுக்கால் வரை வயர்.

பக்கத்து நாற்காலியில் மாமி. இந்த ராத்திரிக்கு அவர் பத்து வருசம் காத்திருந்திருக்கிறார்.

மாமாவின் குறட்டை எங்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதி. 2023இல் ‘குட் நைட்’ படம் வந்து, அதில் குறட்டை விடுகிற மணிகண்டனை ‘மோட்டார் மோகன்’ என்று கூப்பிட்டதும், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ‘மோட்டார் மாமா’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். மாமி மட்டும் சிரித்ததில்லை. ஒருநாள் அடுக்களையில் மரச்சீனி நறுக்கிக்கொண்டே சொன்னார்: “கொறட்டை கேட்டா எனக்கு நிம்மதியாக்கும் மக்ளே. அது நிக்கும்போதுதான் பேடி. நான் இருட்டுல எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டுன்னு. இருவது தாண்டினா தோளப் பிடிச்சு உலுக்குவேன்.”

நான் இத்தனை நாளாகக் கேட்ட கதைகளில் இதைப் போல என்னை உலுக்கியது வேறில்லை. ராத்திரி ராத்திரியாக ஒரு பெண் தன் புருஷனின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறார்! பகலில் மாமா உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுவார். பைக்கில் போகும்போது சிதறால் பக்கம் ஒருமுறை கண் சொக்கி ஓடைக்குள் இறங்கினார். காலையில் தலைவலி, நாக்கு வறட்சி. ராத்திரி மூன்று தடவை மூத்திரத்துக்கு எழும்புவது. பிரஷருக்கு இரண்டு மாத்திரை போட்டும் அடங்காதது. எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே காரணம்தான் வைத்திருந்தோம்: அலுப்பு. பால்வெட்டுக்காரர் மூன்று மணிக்கு எழும்ப வேண்டும். வெயில் ஏறும் முன், மரம் குளிர்ந்திருக்கும்போது கத்தி வைத்தால்தான் பால் நன்றாக ஒழுகும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிற மனுஷனுக்கு அலுப்பு இருக்காதா என்ன? நியாயமான காரணம். அதனால்தான் பத்து வருசம் ஓடிப்போயிற்று.

எங்கள் ஊர்க்காரனுக்கு உறக்கத்தைப் பார்ப்பது புதிதல்ல. திருவட்டாறு கோயிலில் ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குப் பாம்பணையில் சயனித்திருக்கிறார். 16,008 சாளக்கிராமங்களை அடுக்கி, கடுசர்க்கரைக் கலவை பூசிச் செய்த திருமேனி. ஒரே பார்வையில் அடங்காது. மூன்று வாசல் வழியாகத்தான் சேவிக்க வேண்டும்: ஒன்றில் திருமுகம், நடுவில் உந்தி, மூன்றாவதில் திருப்பாதம். 418 வருசம் கழித்து 2022 ஜூலை 6ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தபோது, கூட்டத்தில் நசுங்கி நான் பார்த்ததும் அந்த மூன்று வாசல் காட்சிதான்.

பரிசோதனை ராத்திரியில், லேபில் மாமாவுக்கு வயர் ஒட்டுவதைப் பார்த்தபோது எனக்கு ரோமம் சிலிர்த்தது. இங்கேயும் மூன்று வாசல்!

முதல் வாசல் தலை. டெக்னீஷியன் தங்கச்சி ஒரு டேப்பை எடுத்து மாமாவின் தலையை நெற்றியிலிருந்து பிடரிவரை அளந்தார், தையல்காரர் மாதிரி. பென்சிலால் புள்ளி வைத்தார். மணல் கலந்ததுபோல் நறநறக்கிற ஒரு ஜெல்லைத் தேய்த்து, அதன்மேல் பசையோடு சின்னக் கிண்ணங்களைப் பதித்தார். மூளையின் மின் அலை அதன் வழியே வரும். கண்ணோரம் இரண்டு, தாடையில் இரண்டு. மூக்கில் மெல்லிய குழாய். தொண்டையில் குறட்டைக்கென்றே ஒரு மைக். இரண்டாம் வாசல் நெஞ்சும் வயிறும்: இரண்டு எலாஸ்டிக் பெல்ட், இதயத்துக்குத் தனி வயர், விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப். மூன்றாம் வாசல் கால்: முழங்காலுக்குக் கீழே, ஒவ்வொரு காலிலும் வயர். முக்கால் மணி நேரம் ஆயிற்று. “பால் எடுக்கதுக்கு மரத்துல செரட்டை கெட்டுகதுமாதிரி இருக்கே பிள்ளே” என்றார் மாமா.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பின்னறையிலிருந்து மைக்கில் தங்கச்சி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மாமா செய்ய வேண்டும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடதுபக்கம் கொண்டுபோங்க. இப்ப வலதுபக்கம். ஐந்து தடவை இமைங்க. பல்லைக் கடிங்க. மூச்சை அடக்குங்க. இடது கால்விரலை ஆட்டுங்க. ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரு கோடு துள்ளுகிறது! எல்லா வயரும் உயிரோடிருக்கிறதா என்று பார்க்கிற ஒத்திகையாம் இது. கடைசியில், “அங்கிள், குறட்டை விடுறமாதிரி ஒருக்கா சத்தம் கொடுங்க” என்றார். மாமாவுக்கு வெட்கம். “எனக்கு அதெல்லாம் வராது பிள்ளே.” என் பக்கத்தில் மாமி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மாமா ஆட்டுக்குட்டிபோல ஒரு சின்னச் சத்தம் எழுப்பினார். மைக் கோடு மெல்ல நடுங்கியது.

பதினொன்றரை மணிக்கு அசல் வந்தது. அந்தக் கோடு திரையையே கறுப்பாக்கியது.

திரையில் ஒரு பக்கம் என்பது 30 விநாடி. ராத்திரி முழுக்க இப்படி நூற்றுக்கணக்கான பக்கங்கள் புரளும். நான் முதல் சில பக்கங்களிலேயே சொக்கிப்போனேன். விழித்திருக்கும் மூளையின் கோடு குட்டிகுட்டியாகப் பரபரக்கிறது. உறக்கம் ஏற ஏற அது நிதானித்து, பெரிய அலையாகிறது. அதற்குக் கீழே மூக்குக் காற்றின் கோடு. மேலே, கீழே, மேலே, கீழே. அதன்கூடவே குறட்டை.

பிறகு எல்லாம் நின்றது. மூக்குக் கோடு வாய்க்கால் நீர்போல் தட்டையாகப் போயிற்று. ஹெட்போனில் சத்தமே இல்லை. ஆனால் நெஞ்சுப் பெல்ட்டும் வயிற்றுப் பெல்ட்டும் அசைந்துகொண்டுதான் இருந்தன, ஒன்றுக்கு ஒன்று எதிராக. நெஞ்சு உள்வாங்கும்போது வயிறு புடைக்கிறது. “மூச்சு விட முயற்சி நடக்குது. கதவுதான் அடைச்சிருக்கு” என்றார் தங்கச்சி.

பக்கத்திலிருந்து முணுமுணுப்பு கேட்டது. மாமி எண்ணிக்கொண்டிருந்தார். பழக்கத்தில், தன்னை அறியாமல். இருபத்து ஒன்று, இருபத்து ரெண்டு. அவருடைய வலதுகை தானாக உயர்ந்தது, உலுக்குவதற்கு. அங்கே தோள் இல்லை. முப்பத்து எட்டு என்றபோது ‘ஹ்ர்ராக்’ என்று ஒரு வெடி! மூளைக்கோடு கலைந்து பரபரத்தது, இதயம் ஓடியது, குறட்டை திரும்பி வந்தது. சில விநாடி கழித்து விரலின் ஆக்சிஜன் எண் சரசரவென்று இறங்கியது. நுரையீரலில் நடந்த செய்தி ரத்தத்தோடு விரல்நுனிக்கு வந்துசேர அவ்வளவு நேரம் வேண்டும். தங்கச்சி மவுசால் அந்த இடைவெளியை அளந்தார். 41 விநாடி.

“மாமி, நீங்க முப்பத்தெட்டு எண்ணினீங்க” என்றேன்.

“அப்பம் நான் பறஞ்சதெல்லாம் சரிதான்?” என்று கேட்டுவிட்டு மாமி அழுதுவிட்டார். பத்து வருசமாக யாரும் நம்பாத அவருடைய கணக்குக்கு ஒரு இயந்திரம் சாட்சி சொல்லியிருந்தது.

மூச்சு 10 விநாடியாவது நின்றால் அது கணக்கில் சேரும். அப்படி நிற்பதும், பாதி அடைபட்டு ஆக்சிஜனோ உறக்கமோ கெடுவதும் ஒரு மணி நேரத்தில் எத்தனை என்பதுதான், உறக்கத்தில் மூச்சடைபடுகிற இந்த நோயின் அளவுகோல். பெரியவர்களுக்கு ஐந்துக்குக் கீழே கவலையில்லை. முப்பது தாண்டினால் கடுமை. முதல் இரண்டு மணி நேரத்தில் மாமாவின் கணக்கு மணிக்கு 46. ஆக்சிஜன் ஒருமுறை 76 வரை இறங்கிற்று. தான் எழுந்ததாக மாமாவுக்கு ஞாபகமே இருக்காது. ஆனால் பெரும்பாலான அடைப்புகளில் மூளை சில நொடி விழித்துத்தான் தொண்டையைத் திறக்கிறது. அந்த மனுஷன் பகலில் தூங்கிவிழாமல் என்ன செய்வார்!

காரணம் கேட்டபோது எனக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் ஞாபகம் வந்தது. 115 அடி உயரத்தில், 28 தூண்மேல், பறளியாற்றைத் தாண்டித் தண்ணீர் போகிறது. தொட்டிக்குச் சுவர் இருப்பதால் போகிறது. நம் தொண்டைக்குள் மூச்சு போகிற வழிக்கு அப்படி ஒரு சுவர் இல்லை, எல்லாம் சதை. விழித்திருக்கும்போது தசைகள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உறக்கத்தில் அவை தளரும், நாக்கு பின்னால் சரியும், மல்லாந்து படுத்தால் இன்னும் சரியும். வழி குறுகி அதிர்வது குறட்டை. முழுக்க ஒட்டிக்கொண்டால் அமைதி. குடித்துவிட்டுப் படுப்பதும் தூக்க மாத்திரையும் தசையை இன்னும் தளர்த்தும். கழுத்து தடித்தவர்களுக்கு ஆபத்து அதிகம், ஆனால் தாடை உள்வாங்கிய ஒல்லி ஆட்களுக்கும் வரும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் வரும், டான்சில் வீங்கிய பிள்ளைகளுக்கும் வரும்.

தொண்டை அடைபடுவது எப்படியிருக்கும் என்று விழிப்பில் அனுபவித்த ஒருவர் எங்கள் பக்கத்தில் வாழ்ந்திருக்கிறார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் சர்ஜன் டாக்டர் ஹோவர்டு சோமர்வெல். 1924 ஜூனில் எவரெஸ்டில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பனிக்காற்றில் புண்ணான தொண்டைச் சதை பெயர்ந்து அவருடைய மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசியாக ஒருமுறை இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி அதை வெளியே தள்ளினார். பிழைத்து நெய்யூருக்குத் திரும்பி வந்து எங்கள் பாட்டன் பூட்டன்களுக்கு வயிற்றுப்புண் ஆபரேஷன் செய்தார். மலைமேல் அவருக்கு மூச்சடைத்தது கொஞ்ச நேரம்தான். மாமாவின் உடம்புக்கு அது ராத்திரி முழுக்க, தொடர்ந்து.

ஒன்றரை மணி. தங்கச்சி உள்ளே போய் மாமாவை எழுப்பினார். நான் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கின்மேல் சிலிக்கான் மாஸ்க், அதிலிருந்து நீண்ட குழாய், மறுமுனையில் டிபன்பாக்ஸ் அளவு ஒரு மெஷின். சீபாப் என்கிறார்கள். அதில் மருந்து ஏதும் இல்லை. அறைக் காற்றைத்தான் லேசான அழுத்தத்தில் தள்ளுகிறது. 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், தொண்டையில் துளைபோட வேண்டிய நிலையிலிருந்த ஒரு நோயாளிக்குத்தான் முதன்முதலில் இப்படி மூக்கு வழியே காற்றைத் தள்ளிப் பார்த்தார். அந்த ராத்திரியே பலன் தெரிந்தது.

பின்னறையிலிருந்தே அழுத்தத்தை ஏற்றுகிறார்கள், ரேடியோவில் சத்தம் கூட்டுவதுபோல. அளக்கிற அலகு எனக்குக் கொள்ளை அழகாக இருந்தது: சென்டிமீட்டர் தண்ணீர். 5 வைத்தபோது அடைப்பு குறைந்தது, குறட்டை இருந்தது. 7. பிறகு 8. 10இல் வைத்தபோது குறட்டைக் கோடு படுத்துவிட்டது. நெஞ்சும் வயிறும் சேர்ந்து எழும்பி, சேர்ந்து தாழ்ந்தன. ஆக்சிஜன் 96, 97. ஒரு தம்ளர் உயரத் தண்ணீரின் அழுத்தம், அவ்வளவுதான்! அந்தத் தம்ளர் அழுத்தக் காற்று மாமாவின் தொண்டைக்குத் தூணாக நின்றது.

அப்புறம் கண்ணின் கோடுகள் திடீரென்று இங்கும் அங்கும் பாய ஆரம்பித்தன. கனவு! உடம்புத் தசைகள் பெரும்பாலும் தளர்ந்து, கண் ஓடுகிற உறக்கம். வழக்கமாக இந்த நேரத்தில்தான் மூச்சு மோசமாக அடைபடுமாம். அன்று அடைபடவில்லை. பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்டதுபோல மூளை கனவுக்குள் பாய்ந்து, நீண்ட நேரம் வெளியே வரவில்லை. “இப்படித்தான் அண்ணா, பாக்கியெல்லாம் வசூல் பண்ணும்” என்றார் தங்கச்சி. இதைப் பார்க்கத்தான் இந்த வேலைக்கு வந்ததாகவும் சொன்னார். மாமி டிவியைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. கட்டன்சாயா ஆறிப்போயிருந்தது.

காலையில் தலைமுடியெல்லாம் பசையோடு எழுந்து வந்த மாமா சொன்ன முதல் வார்த்தை, “மணி என்ன ஆச்சு? நான் ஒறங்கிட்டனா?” தலைவலி இல்லை என்பதை மாமி கேட்டபிறகுதான் கவனித்தார்.

மெஷின் வாங்குவது லேசான காரியமல்ல, பால் விலை இருக்கிற இருப்பில். முதலில் வாடகைக்கு எடுத்தோம். முதல் வாரம் மாஸ்க் மூக்கை உறுத்தியது, இரண்டு தடவை அளவு மாற்றினோம். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பேட்டரி. வீட்டில் யாருக்காவது குறட்டை நின்று நின்று வருகிறதென்றால், எண்ணிப் பாருங்கள், அந்த எண்ணிக்கையோடு நுரையீரல் டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ போய்ப் பாருங்கள். எங்களுக்குப் பத்து வருசம் பிந்திவிட்டது என்பதால்தான் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறேன்.

சிக்கல் வந்தது மாமிக்கு. வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. பாதி ராத்திரியில் திடுக்கிட்டு எழும்பி, மாமாவின் வயிற்றில் கைவைத்து, ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். எண்ண ஒன்றும் இல்லாமல் உறக்கம் வரவில்லை என்றார்.

மூன்றாம் மாதம் நான் அங்கே தங்கியிருந்தேன். மூன்று மணிக்கு மாமா எழும்பி, மாஸ்கைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தானே அடுப்பைப் பற்றவைத்துக் கட்டன்சாயா போட்டார். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, எனக்கு ஒரு தம்ளரை நீட்டி, உள்ளறையைக் காட்டி உதட்டில் விரல்வைத்தார். மாமி ஒருக்களித்துப் படுத்து நல்ல உறக்கத்திலிருந்தார். மெல்லிசாக, சீராக, ஒரு சின்னக் குறட்டை. மாமா வாசலில் நின்று கொஞ்சநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எண்ணினாரோ என்னவோ. பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினார்.