மிக் வெல்டிங்: ஒட்டு பிழைத்தால் எங்கே பார்ப்பது?

பூநகரிக்குத் திரும்பியுள்ள உங்களில் சிலர் மிக் இயந்திரத்துடன் வீட்டு முற்றத்திலேயே இரும்பு வேலை தொடங்கியிருப்பீர்கள். நீங்கள் ஒட்டிய கால்களை நம்பித்தான் அயலவர் தண்ணீர்த் தாங்கியை மேலே ஏற்றுகிறார். 1000 லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு தொன். ஒட்டு விட்டால் கீழே நிற்பவரின் உயிர் போகலாம்.

மிக் இயந்திரத்தில் கம்பி தானாக வந்து உருகும். கூடவே வரும் வாயு, உருகிய இரும்பில் காற்றுப் படாமல் மூடி நிற்கும். பல பிழைகள் இந்த இரண்டில் ஒன்று குழம்புவதால் வருபவை.

1. ஒட்டில் சிறு துளைகள்

வாயு சரியாக மூடவில்லை என்பதே பொருள். இப்பகுதியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடனீரேரிப் பக்கம் திறந்த வெளியில் ஒட்டினால் வாயு பறந்துவிடும். மூன்று பக்கமும் தகரம் நிறுத்தி மறையுங்கள். தறப்பாளும் கிடுகும் வேண்டாம்; பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

வாயுவை நிமிடத்துக்கு 10 முதல் 15 லீற்றர் அளவில் விடுங்கள். அளவுக்கு மிஞ்சித் திறந்தால் வாயு சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அதன் பின்னும் துளை வந்தால், வாயுக் குழாயில் சவர்க்கார நீர் பூசிக் கசிவு பாருங்கள். நொசிலைத் துப்புரவாக்குங்கள். இரும்பிலுள்ள கறள், பெயின்ற், எண்ணெய் ஆகியவற்றை முழுதாக நீக்குங்கள்.

2. மேலே அழகு, உள்ளே பிடிப்பில்லை

மிக ஆபத்தான பிழை இதுவே, கண்ணுக்குத் தெரியாது. மின்னோட்டம் குறைவு, கை வேகம் அதிகம், கம்பி முனை தூரம் என்பன காரணங்கள். முனைக்கும் இரும்புக்கும் இடையே 10 முதல் 15 மில்லிமீற்றர் போதும். சிறிய ஜெனரேற்றரிலோ நீண்ட மெல்லிய வயரிலோ வேலை செய்தால் மின்னழுத்தம் இறங்கும். தடித்த, குட்டையான வயரைப் பாவியுங்கள்.

வேலைக்கு முன் அதே தடிப்புள்ள இரண்டு துண்டுகளை ஒட்டி, சுத்தியலால் அடித்து வளையுங்கள். ஒட்டு கழன்று வந்தால் அந்த அமைப்பில் வேலையைத் தொடங்க வேண்டாம்.

3. கம்பி சிக்குதல்

முனையின் துளை கம்பியின் தடிப்புக்குப் பொருந்துகிறதா, தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். உருளையை அளவுடன் இறுக்குங்கள். உப்புக் காற்றில் கம்பி கறள் பிடிக்கும். வேலை முடிந்ததும் சுருளைப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள்.

4. பொறி அதிகம் தெறித்தல்

பூமிக் கம்பியின் கவ்வியைக் கறள்மேல் பிடிக்காமல், தேய்த்த இரும்பில் பிடியுங்கள். பின்னர் மின்னழுத்தத்தையும் கம்பி வேகத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரேயடியாக மாற்றினால் காரணம் பிடிபடாது.

5. மெல்லிய குழாய் ஓட்டையாதல்

மின்னழுத்தத்தைக் குறைத்து, சிறு சிறு துண்டுகளாக, ஆற விட்டு ஒட்டுங்கள்.

ஒருபோதும் மறக்க வேண்டாம்

நாகம் பூசிய குழாயில் ஒட்டும் இடத்துப் பூச்சை நீக்குங்கள். அதன் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். சங்குப்பிட்டிப் பாலம் வழியாக வாயுச் சிலிண்டர் கொண்டுவந்தால் நிமிர்த்திக் கட்டுங்கள். எரிபொருள் இருந்த பீப்பாய், தாங்கி எதிலும் ஒட்ட வேண்டாம். வெறுமையாகத் தெரிந்தாலும் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

காணியிலோ இடிபாட்டிலோ கிடைத்த, என்னவென்று தெரியாத இரும்பை எடுக்கவோ வெட்டவோ சூடாக்கவோ வேண்டாம். அது வெடிக்காத வெடிபொருளாக இருக்கலாம். தொடாமல் விலகி, பிள்ளைகளையும் விலக்கி, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள். பழைய இரும்பு வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும்.