எழுத்துத் தமிழ் யாருடைய தாய்மொழி?

தாய்மொழிவழிக் கல்வி என்று சுவரில் எழுதுகிறோம், கூட்டம் போடுகிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம். அந்தச் சொற்சேர்க்கையில் 'தாய்மொழி' என்பது எது என்று மட்டும் நமக்குள் கேட்டுக்கொள்வதில்லை. தமிழ்தானே, இதிலென்ன கேள்வி என்பார்கள் தோழர்கள். கேள்வி இருக்கிறது. குழந்தை மொழியை எப்படிப் பெறுகிறது என்பது பற்றிக் கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் நடந்திருக்கிற விவாதங்களைக் கொஞ்சம் உள்வாங்கிக்கொண்டு நம் ஒன்றாம் வகுப்பறையைப் பார்த்தால், தாய்மொழி என்ற பெயரில் அங்கே நடப்பது வேறொன்று என்றே எனக்குப் படுகிறது.

1957இல் பி. எஃப். ஸ்கின்னர் 'வெர்பல் பிகேவியர்' என்ற நூலை வெளியிட்டார். மொழியும் மற்றப் பழக்கங்களைப் போல ஒரு பழக்கம், தூண்டலும் துலங்கலும் அதற்குக் கிடைக்கிற வெகுமதியும் சேர்ந்து அதைப் படிய வைக்கின்றன என்பது அவர் வாதம். இரண்டு ஆண்டுகள் கழித்து நோம் சாம்ஸ்கி எழுதிய மதிப்புரை இந்த வாதத்தின் அடித்தளத்தையே அசைத்துவிட்டது. ஒருபோதும் கேட்டிராத வாக்கியங்களைக் குழந்தை சொல்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. கேட்டதைத் திருப்பிச் சொல்வதல்ல மொழி, கேட்டதிலிருந்து விதியை உருவாக்கிக்கொள்வது. அதற்கான ஆயத்தம் மனித மூளையிலேயே இருக்கிறது என்றார் சாம்ஸ்கி. இந்த இரண்டாவது பகுதியை மைக்கேல் டொமாசெல்லோ போன்றவர்கள் பின்னால் மறுத்தார்கள். பிறவி இலக்கணமெல்லாம் வேண்டாம், பிறருடைய நோக்கத்தை ஊகிக்கிற திறனும் கேட்பதில் ஒழுங்கைக் கண்டுபிடிக்கிற திறனும் போதும் என்பது இவர்கள் கட்சி. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் குழந்தை விதிகளோடுதான் பேசுகிறது என்பதில் இரண்டு தரப்புக்கும் தகராறு கிடையாது.

இதை நம்மூரிலேயே பார்க்கலாம். நாலு வயசுக் குழந்தை 'பஸ்ஸு' என்கிறது, 'பஸ்ஸுல' என்கிறது. 'கார்' வந்தால் 'காரு', 'காருல'. 'பின்' என்பது 'பின்னு' ஆகிறது, 'ஃபேன்' என்பது 'ஃபேனு'தான் ஆகிறது. தனிக்குறிலுக்குப் பின் நிற்கிற மெய், உயிர் வந்து சேரும்போது இரட்டிக்கிறது. நெடிலுக்குப் பின் நின்றால் இரட்டிப்பதில்லை. நன்னூலில் இருக்கிற புணர்ச்சி விதியேதான். பெரியவங்க சொல்றதைக் கேட்டுத்தானே சொல்லுது என்பீர்கள். சரி, நேற்றைக்குக் கடைக்கு வந்த மிட்டாயின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள், பொய்யாக ஒரு சொல்லை உண்டாக்கியும் கொடுத்துப் பாருங்கள். ஜீன் பெர்கோ 1958இல் ஆங்கிலக் குழந்தைகளிடம் இல்லாத சொற்களைக் கொடுத்துப் பன்மை கேட்டது இதற்காகத்தான்.

இன்னொன்று. தமிழ்நாட்டுப் பேச்சில் இலை 'எல' ஆகிறது, இடம் 'எடம்' ஆகிறது, குடை 'கொட' ஆகிறது, உடம்பு 'ஒடம்பு' ஆகிறது. ஆனால் இல்லை 'எல்ல' ஆவதில்லை. குட்டை 'கொட்ட' ஆவதில்லை. நடுவில் ஒற்றை மெய் இருந்து அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால்தான் இகரமும் உகரமும் இப்படி இறங்கும், இரட்டை மெய் நின்றால் இறங்காது. பள்ளிக்கூடப் படியேறாதவர்கள் பிசகாமல் கடைப்பிடிக்கிற விதி இது. பேராசிரியரும் வீட்டில் 'கொட'தான் கேட்கிறார். அப்படியானால் 'கொச்சை' என்ற சொல் ஒலியைக் குறிக்கவில்லை, பேசுகிற ஆளைக் குறிக்கிறது.

சாம்ஸ்கியோடு இதுவரை கூடப் போகலாம். அதற்கப்பால் சிக்கல். 1965இல் அவர் வரையறுத்த லட்சியப் பேச்சாளர், வேறுபாடே இல்லாத ஒரு மொழிச்சமூகத்தில் வாழ்கிறவர். அப்படியொரு சமூகம் எங்கேயும் இல்லை, நம்மிடம் நிச்சயமாக இல்லை. சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் 'டைகுளோசியா' என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். இரட்டை வழக்கு என்று சொல்லலாம். ஒரே மொழியின் இரண்டு வடிவங்கள் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. தாழ்வழக்கு வீட்டில் தானாக வருகிறது. உயர்வழக்கு பள்ளியில் விதி சொல்லிக் கற்பிக்கப்படுகிறது, அதை யாரும் தொட்டிலில் கேட்பதில்லை. ஃபெர்குசன் எடுத்துக்கொண்டவை அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹைதி கிரியோல். தமிழ் இதற்கு எவ்வளவு கச்சிதமான எடுத்துக்காட்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் தமிழை வைத்தே இந்தக் கோட்பாட்டைப் பரிசீலித்து ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார்.

ஸ்டீஃபன் கிராஷன் இரண்டாம் மொழி பற்றிப் பேசும்போது 'பெறுதல்' வேறு, 'கற்றல்' வேறு என்று பிரித்தார். புரிகிற பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தால் மொழி தன்னறியாமல் வந்து சேர்வது பெறுதல். விதியை அறிந்து முயன்று படிப்பது கற்றல். இந்தப் பிரிவு அவர் சொன்ன அளவுக்குக் கறாரானதல்ல என்று விமர்சனங்கள் உண்டு. இருந்தாலும் ஃபெர்குசனையும் கிராஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு முடிவு கிடைக்கிறது. எழுத்துத் தமிழ் ஏறக்குறைய ஓர் இரண்டாம் மொழி. அதற்குத் தாய்மொழியாளர் என்று யாரும் இல்லை. ஆனால் நம் பள்ளி அதை முதல் மொழியாகவே பாவித்து, 'உன் தாய்மொழியே உனக்கு வரலையா' என்று குழந்தையைக் கேட்கிறது.

எல்லாக் குழந்தையையும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம். பத்திரிகையும் புத்தகமும் கிடக்கிற வீட்டில், மடியில் உட்காரவைத்துக் கதை வாசித்துக் காட்டுகிற வீட்டில், எழுத்துத் தமிழ் மூன்று வயதிலேயே காதில் விழ ஆரம்பிக்கிறது. அந்தக் குழந்தை உயர்வழக்கில் ஒரு பகுதியைக் கற்காமலே பெற்றுவிடுகிறது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வருகிற சேரிக் குழந்தைக்கோ அது ஆறாவது வயதில் கரும்பலகையில்தான் அறிமுகம். போர்தியு இதை மொழி மூலதனம் என்பார். இங்கே அந்த மூலதனம் சாதிவாரியாகக் குவிந்திருக்கிறது. தொழிலாளி வீட்டுப் பேச்சுக்கு 'குறுகிய குறியீடு' என்று பெயரிட்டார் பேசில் பெர்ன்ஸ்டைன். அவர் சொன்னது குறைபாடு என்ற அர்த்தத்தில் அல்ல என்று பின்னால் விளக்கினாலும் கல்வியாளர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். 1969இல் வில்லியம் லபோவ், அமெரிக்கக் கறுப்பினச் சிறுவர்களின் பேச்சை வைத்து அந்தக் குறைபாட்டு வாதத்தை உடைத்தார். அந்தப் பேச்சில் தர்க்கத்துக்குக் குறைவில்லை, கேட்கிற சூழல்தான் சிறுவனை ஊமையாக்குகிறது என்று காட்டினார். நமக்கு ஒரு லபோவ் தேவைப்படுகிறார்.

மாலை வகுப்பு ஒன்றில் நான் புரட்டிப் பார்த்த நோட்டுகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு வாக்கியம், 'மாடுகள் வந்தது'. பள்ளியில் ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மைக்கு என்று தனி வினை கிடையாது. மாடும் வந்துச்சு, மாடுங்களும் வந்துச்சு. 'வந்தன' முழுக்க ஏட்டு வடிவம். பெயரைப் பள்ளியிலிருந்தும் வினையின் இலக்கணத்தை வீட்டிலிருந்தும் எடுத்துக் குழந்தை நடுவில் ஒரு மொழி கட்டியிருக்கிறது. லாரி செலிங்கர் 1972இல் 'இன்டர்லாங்குவேஜ்', இடைமொழி, என்று பெயர் வைத்தது இதற்குத்தான். அதற்கும் முன்பே, 1967இல், கற்பவரின் பிழை தற்செயலானதல்ல, அவர் மனதில் இயங்குகிற ஒழுங்கமைப்பின் சாட்சி என்று பிட் கார்டர் வாதிட்டிருந்தார். ஒரு பையன் 'தவழை' என்று எழுதியிருந்தான். 'பளம்' என்று எழுதி அடி வாங்கியவன், தன் வாயில் வருகிற ளகரமே தப்பு என்ற முடிவுக்கு வந்து, சரியாக இருந்த இடத்திலும் மாற்றிவிட்டான். தன் நாக்கின் மேல் நம்பிக்கை போனதைத்தான் நான் அதில் படித்தேன்.

இதற்கு மேல் ஆங்கிலவழி. ஜிம் கம்மின்ஸ் 1979இல் பேச்சுப் பழக்க மொழியையும் பாடப்புத்தக மொழியையும் பிரித்துக் காட்டினார். கனடாவில் குடியேறிய குழந்தைகளுக்கு முதலாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளிலும் இரண்டாவது ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகளிலும் கைகூடுவதாக அவர் கண்டார். அங்கே தெருவெல்லாம் ஆங்கிலம். நம்மூரில் கடன் வாங்கிச் சேர்த்த ஆங்கிலவழிப் பள்ளிக் குழந்தைக்கு அந்த முதல் படியே கிடையாது. புரிகிற பேச்சு காதில் விழாமல் நேரே பாடப்புத்தகத்தில் தள்ளப்படுகிறது. கடைசியில் மனப்பாடம்தான். ஸ்கின்னர் 1959இல் தோற்றுப்போனதாகச் சொல்கிறார்கள், நம் வகுப்பறைகளில் அவர் சௌக்கியமாக இருக்கிறார்.

அப்போ எழுத்துத் தமிழைத் தூக்கிப் போட்டுடலாமா என்று கேட்பார்கள். கிரேக்கத்தில் தலைமுறைகளாக நடந்த மொழிச்சண்டைக்குப் பிறகு, ஏட்டு வடிவத்தைத் தூக்கிப் பிடித்த ராணுவ ஆட்சி 1974இல் விழ, 1976இல் மக்கள் வழக்கையே கல்வியின் மொழியாகச் சட்டமாக்கினார்கள். இங்கே அதை அப்படியே கேட்க நான் தயாரில்லை. எந்தப் பேச்சு, யாருடைய பேச்சு என்ற கேள்வி உடனே வரும், வலுத்தவன் பேச்சு பொதுப்பேச்சாகும். தவிர, அயோத்திதாசரிலிருந்து இன்றைய தலித் எழுத்து வரை ஏறிவந்து கைப்பற்றிய மொழி அது. சேரிக் குழந்தைக்கு அதை மறுப்பது இன்னொரு வஞ்சகம். நான் கேட்பது சின்ன விஷயம். அதைப் புதிதாகக் கற்கவேண்டிய வடிவமாக ஒப்புக்கொண்டு கற்பிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வகுப்புகளில் குழந்தை தன் பேச்சிலேயே சொல்லவும் எழுதவும் இடம் வேண்டும். எழுத்துத் தமிழைத் தினமும் வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும், மற்ற வீடுகளில் மடியில் கிடைப்பது இவர்களுக்கு வகுப்பிலாவது கிடைக்கட்டும். 'வந்துச்சு'வை அடிக்காமல், அதன் பக்கத்தில் 'வந்தது', 'வந்தன' இரண்டையும் எழுதிக் காட்டலாம். ஆசிரியர் பயிற்சியில் பேச்சுத் தமிழின் இலக்கணம் ஒரு பாடமாக வேண்டும்.

வாக்ரிபோலி பேசுகிற நரிக்குறவர் குழந்தைக்கு இதுவும் பொருந்தாது. இந்தோ-ஆரிய மொழி பேசுகிற அந்தக் குழந்தைக்குப் பேச்சுத் தமிழ் இரண்டாவது, எழுத்துத் தமிழ் மூன்றாவது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டுமொழி, தாய்மொழி, உள்ளூர் மொழி, பிராந்திய மொழி என நான்கையும் சாய்கோடு போட்டு ஒரே மூச்சில் சொல்லி, அதுவே பயிற்றுமொழி என்கிறது, அதுவும் இயன்ற இடங்களில். நான்கும் ஒன்றுதான் என்பது போல. மும்மொழி வேண்டாம் என்று தெருவில் நிற்கிற நாம், அந்தச் சாய்கோட்டுக்கு உள்ளே ஏற்கனவே மூன்று மொழிகளைச் சுமந்துகொண்டு ஒரு குழந்தை நிற்பதை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.