சிறுநீர்த் தொற்றுக்கு எந்த மாத்திரை?

நடவு நாட்களில் தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களில் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் சிறுநீரை அடக்குகிறார்கள். அதற்கு அஞ்சியே தண்ணீரும் குறைத்துக் குடிக்கிறார்கள். சிறுநீர்ப்பையில் தேங்கும் சிறுநீரில் ஈ.கோலை பாக்டீரியா பெருகுகிறது. எரிச்சல் கண்டதும் மருந்துக்கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டு வாங்கிப் போட்டு, அடங்கியதும் நிறுத்திவிடுவார்கள்.

அந்த மாத்திரை இப்போது பலருக்கு ஏன் கேட்பதில்லை? அது குடலுக்கும் போகிறது. அங்கே அதற்குச் சாகாத ஈ.கோலை மட்டும் மிஞ்சிப் பெருகும். அடுத்த தொற்றுக்கு அதுதான் விதை. எதிர்ப்பு மரபணுக்களைப் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றவும் செய்யும். அப்படிக் கைமாறும் எதிர்ப்பு மரபணுவான என்.டி.எம்-1 பற்றி 2010இல் லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழில் வந்த ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன.

அதற்கு மாற்றாகும் நைட்ரோஃபுரன்டோயின் 1950களின் மருந்து. ரத்தத்தில் தங்காமல் சிறுநீரில் செறிகிறது. பாக்டீரியாவைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குவதால் எதிர்ப்பு மெதுவாகவே வளர்கிறது. சிறுநீர்ப்பைத் தொற்றுக்குப் பெரும்பாலும் 5 நாள் போதும். குளிர்காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அங்கே இந்த மருந்து பலிக்காது.

கர்ப்பிணிகளும், திரும்பத் திரும்ப எரிச்சல் வருபவர்களும் முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆய்வகத்தில் அந்தச் சிறுநீரின் பாக்டீரியா பூசிய தட்டில் மருந்து வில்லைகளை வைப்பார்கள். கேட்கும் மருந்தைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும்; கேட்காததை ஒட்டியே பாக்டீரியா படர்ந்திருக்கும். முடிவு வர 2, 3 நாளாகும்.