கிணற்றின் ஆழமும் வானத்தின் ஒளியும்

குஜராத் மாநிலத்தில், அகமதாபாத் நகருக்கு வடக்கே அடாலஜ் என்னும் ஊரில் ஒரு படிக்கிணறு இருக்கிறது. அவ்வூர் மக்கள் அதனை ‘வாவ்’ என்பர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், ராணி ரூடாபாயின் பெயரால் அறியப்படும் இக்கிணறு எழுந்தது. பூமிக்குக் கீழே ஐந்து தளங்கள். ஒவ்வொரு தளத்திலும் வரிசை வரிசையாகத் தூண்கள். தூண்களெங்கும் நுண்ணிய சிற்பங்கள். மூன்று திசைகளிலிருந்து இறங்கும் படிகள் எண்கோணத் திறப்பொன்றின் கீழே ஒன்றுகூடுகின்றன. கீழே செல்லச் செல்ல வெயிலின் வெம்மை குறைகிறது. அண்ணாந்து பார்த்தால் எண்கோணத்துக்குள் அடங்கிய ஒரு துண்டு வானம் பளபளக்கிறது.

அந்த இடத்தில் நின்று கேமராவை உயர்த்துவோர் அனைவரும் ஒரே இக்கட்டைச் சந்திக்கின்றனர். வானத்தின் நீலத்தைக் காக்க முனைந்தால் தூண்கள் கரிய நிழல்களாகிவிடுகின்றன. தூண்களின் சிற்பத்தைக் காட்ட முனைந்தால் வானம் வெற்று வெள்ளைத் தாளாகிவிடுகிறது. நம் கண்கள் இரண்டையும் காண்கின்றன. படமோ இரண்டில் ஒன்றை இழந்துவிடுகிறது. நெடுந்தொலைவு பயணம் செய்து, வாழ்வில் ஒரு முறையே காணக் கிடைக்கும் இடத்தில், தூணருகே நிற்கும் தாயின் முகம் இருளில் கரைந்துபோனால் அந்த இழப்பை ஈடுசெய்ய மறுபடியும் அங்கே செல்ல வேண்டியிருக்கும். எல்லோருக்கும் அது இயலுவதில்லை.

கண் காண்பதும் கேமரா காண்பதும்

நம் கண் ஒரு காட்சியை ஒரே பார்வையில் முழுமையாகக் கொள்வதில்லை. வானத்தை நோக்கும்போது பாவை சுருங்குகிறது. நிழலை நோக்கும்போது விரிகிறது. இவ்வாறு துண்டுதுண்டாகப் பெற்றவற்றை மூளை ஒரே காட்சியாகக் கோத்துத் தருகிறது. கேமராவோ ஷட்டர் ஒரு முறை திறந்து மூடும் நேரத்தில், எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே அளவுகோலைப் பொருத்திப் பதிவு செய்கிறது.

கேமராவின் சென்சாரை, மழையில் நெருக்கமாக வைத்த இலட்சக்கணக்கான சிறு கிண்ணங்களாகக் கருதிக்கொள்ளலாம். வானத்தின் ஒளி படும் கிண்ணங்கள் விரைவில் நிரம்பி வழிகின்றன. வழிந்தது எவ்வளவு என்று பின்னர் எவராலும் கணக்கிட முடியாது. நிழல் பகுதியின் கிண்ணங்களிலோ சில துளிகளே சேர்கின்றன. அவற்றைக் கணினியில் பெருக்கிக் காட்டினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் தோன்றுகிறது. நிரம்பி வழிவதற்கும் ஏதும் சேராததற்கும் இடையே உள்ள எல்லைதான் கேமராவின் ஒளி வீச்சு. அது ‘ஸ்டாப்’ என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு ஸ்டாப் உயர்ந்தால் ஒளி இரு மடங்காகும். பத்து ஸ்டாப் உயர்ந்தால் 1024 மடங்காகும். நேர் வெயிலுக்கும் படிக்கிணற்றின் அடித்தள நிழலுக்கும் உள்ள வேறுபாடு, ஒரே படத்தின் கொள்ளளவை எளிதில் மீறிவிடுகிறது.

பழைய சிக்கல், பழைய தீர்வு

இச்சிக்கல் டிஜிட்டல் காலத்தில் பிறந்ததன்று. 1850களில் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளைப் படமெடுத்தார். அக்காலத்து இரசாயனத் தகடுகள் நீல ஒளிக்கு மிகுந்த உணர்ச்சி உடையவை. கடலுக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் மேகங்கள் அழிந்துபோயின. எனவே அவர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எனத் தனித்தனியே எடுத்து, தொடுவானத்தைத் தையல் கோடாகக் கொண்டு ஒரே தாளில் அச்சிட்டார். இன்று நாம் கணினியில் செய்வதன் வேர் அதுவே.

1997இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் ஆகியோர், வெவ்வேறு அளவில் ஒளியேற்றிய படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவுகளைக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். 2007இல் மெர்ட்டன்ஸ், காட்ஸ், வான் ரீத் ஆகிய மூவர் இன்னும் எளிய வழியொன்றைத் தந்தனர். ஒவ்வொரு படத்திலும் எந்தப் புள்ளி தெளிவாகவும், நிறம் செறிந்தும், மிகையோ குறையோ இல்லாத ஒளியோடும் இருக்கிறதோ, அதற்கு அதிக மதிப்பளித்து எல்லாவற்றையும் கலப்பது அவ்வழி. இயல்பான தோற்றத்தை விரும்புவோர் பலர் இம்முறையையே நாடுகின்றனர்.

படமெடுக்கும் முறை

அடாலஜில் நிற்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்பர்ச்சர் எப்.8, ஐ.எஸ்.ஓ. 200 என நிலைநிறுத்துகிறோம். ஃபோகஸையும் நிறச் சமன்பாட்டையும் மாறாதபடி பூட்டிவிடுகிறோம். ஷட்டர் வேகத்தை மட்டும் 1/500, 1/125, 1/30, 1/8, 1/2 நொடி என மாற்றி ஐந்து படங்கள் எடுக்கிறோம். ஒவ்வொரு படியும் இரண்டு ஸ்டாப். அதாவது நான்கு மடங்கு ஒளி. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே ஏறத்தாழ 256 மடங்கு வேறுபாடு கிடைக்கிறது. முதலாவது வானத்துக்கு, கடைசியது இருண்ட மூலைக்கு, இடையிலுள்ளவை தூண்களுக்கும் படிகளுக்கும். பெரும்பாலான கேமராக்களில் ‘பிராக்கெட்டிங்’ என்னும் வசதி இதனைத் தானே செய்துவிடும். மிதமான வேறுபாடுள்ள காட்சிக்கு மூன்று படங்களே போதும்.

அப்பர்ச்சரை மாற்றிப் படமெடுப்பது தவறு. அது மாறினால் தெளிவாகத் தெரியும் ஆழமும் மாறிவிடும். படங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. கேமராவும் அசையலாகாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி தேவை என்பதை நினைவில் கொள்க. அனுமதி இல்லையெனில், தரையில் பையை வைத்து அதன் மீது கேமராவை இருத்தி, இரண்டு நொடி டைமரைப் பயன்படுத்தலாம். சிற்பங்களின் மீது எதையும் சாய்க்க வேண்டாம். ஃப்ளாஷ் உதவாது, அதன் ஒளி சில மீட்டர்களுக்கு மேல் செல்லாது, அருகிலுள்ள சிற்பத்தின் நிழலையும் அழித்துத் தட்டையாக்கிவிடும்.

தாயின் முகம் முக்கியம் என்றால், அவர் அசையாமல் நிற்கும் ஒரு படத்தை மட்டும் முகத்துக்கு எடுத்துக்கொண்டு, வானத்தையும் நிழலையும் மற்றப் படங்களிலிருந்து பெறுவதே நலம். படங்களுக்கிடையே நடந்து செல்வோர் கலவையில் ஆவிகளைப் போல அரைகுறையாகத் தோன்றுவர். மென்பொருள்கள் இதனை ஓரளவு நீக்கும். லேயரும் மாஸ்க்கும் கொண்டு கையால் கலப்பவர்கள், எந்தப் பகுதி எந்தப் படத்திலிருந்து வர வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் ‘ஹுகின்’ தொகுப்பிலுள்ள ‘என்ஃபியூஸ்’ என்னும் நிரல், 2007ஆம் ஆண்டின் அந்த முறையையே பின்பற்றுகிறது.

கைப்பேசியிலும் இவ்வசதி உண்டு. பொத்தானை ஒரு முறை தொட்டாலும் இன்றைய கைப்பேசி பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கலந்து தருகிறது. எனவே கை நடுங்காமல் ஓரிரு நொடி அசையாதிருப்பது அங்கும் பயன் தரும்.

எவ்வளவு கலப்பது?

கலவையில் மிகை எளிதில் நேர்கிறது. நிழல் முழுவதையும் ஒளிமயமாக்கினால் படிக்கிணறு தன் ஆழத்தை இழந்துவிடும். தூணின் ஓரங்களில் வெண்மையான வளையம் தெரிந்தாலோ, வானம் சாம்பல் பூத்தாலோ, அளவு மீறிவிட்டது என்று பொருள். நிழல் நிழலாகவே இருக்கட்டும். ஆனால் அதனுள் உள்ள சிற்பம் தெரியட்டும். நல்ல கலவையின் இலக்கணம் இதுவே.

மற்றோர் எல்லையும் உண்டு. நினைவுக்காக எடுக்கும் படம் வேறு. சான்றாக அளிக்கும் படம் வேறு. வீட்டுக் கடன் விண்ணப்பத்துடன் இணைக்கும் கட்டடத்தின் படம், காப்பீட்டுக் கோரிக்கைக்காக எடுக்கும் சேதத்தின் படம் ஆகியவற்றைக் கலந்தோ திருத்தியோ அளிக்கலாகாது. சுவரின் விரிசலோ ஈரக் கறையோ எப்படி இருந்ததோ அப்படியே தெரிய வேண்டும். அசல் கோப்பை மாற்றாமல், அது எடுக்கப்பட்ட நாளும் நேரமும் சிதையாமல் பாதுகாப்பது நமக்கே காப்பாகும்.

அழகுக்காகக் கலப்பவற்றிலும் அசல் படங்களை அழித்துவிடாமல் தனியே சேமித்து வைத்தல் நன்று. ஆண்டுகள் கழித்து இன்னும் சிறந்த மென்பொருள் வரும்போது, இன்று இருளில் கிடக்கும் முகத்தை அன்று மேலும் தெளிவாக மீட்க அவை உதவும்.