ஏர்பேக் விளக்கு எரிகிறதா? பல்பைப் பிடுங்காதீர்கள்!

காரில் சாவியைத் திருகியதும் மீட்டர் போர்டில் ஒரு சின்னப் படம் எரியும். ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் நெஞ்சுக்கு எதிரே ஒரு பந்து. ஐந்தாறு விநாடியில் அது அணைந்துவிட வேண்டும்.

அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால்?

"வண்டி நல்லாத்தான் ஓடுது. லைட்டு எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். "ஏர்பேக்" என்னும் உயிர் காக்கும் காற்றுப் பை அமைப்பில் ஏதோ கோளாறு என்பதுதான் அந்த விளக்குக்கு அர்த்தம். கோளாறு என்று தெரிந்ததும், பல கார்களில் கம்ப்யூட்டர் பெட்டி பையை வேலை செய்யவிடாமல் நிறுத்திவிடும். அந்த நேரத்தில் கார் மோதினால் பை விரியாது!

கறுப்பு டேப்!

சென்னை அம்பத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் பழைய கார் வாங்கினார். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை. "தொல்லை இல்லாத வண்டி" என்று அவருக்குச் சந்தோஷம். பிரேக் வேலைக்கு ஒர்க்ஷாப்பில் விட்டபோது, அங்கிருந்த மெக்கானிக் சாவியைத் திருகிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சார், ஏர்பேக் லைட்டு ஏன் வரவே இல்லை?"

"வரலைன்னா நல்லதுதானேப்பா?"

"வந்துட்டுப் போகணும் சார். வரவே இல்லைன்னா யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

மீட்டர் போர்டைக் கழற்றினார்கள். விளக்கு வரும் இடத்தில் பின்பக்கம் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது! டேப்பைப் பிய்த்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அணையவே இல்லை. காரை விற்றவர் கோளாறைச் சரி செய்யவில்லை. விளக்கை மறைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஸ்கேனர் கருவியை மாட்டியதும், டிரைவர் சீட்டின் பக்கவாட்டு ஏர்பேக் ஒயரில் "தடை அதிகம்" என்று வந்தது. சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், மஞ்சள் நிற கப்ளர் ஒன்று பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. புது சாமான் எதுவும் தேவைப்படவில்லை!

2 ஓம் கணக்கு

காரின் முன் பம்பருக்குப் பின்னால் மோதலை அறியும் சென்சார் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் கியர் லிவருக்குக் கீழே கம்ப்யூட்டர் பெட்டி. 1960-களில் ஆலன் பிரீட் என்ற அமெரிக்க எஞ்சினீயர் செய்த சென்சார் வேடிக்கையானது. ஒரு குழாய்க்குள் இரும்புக் குண்டு. அதைக் காந்தம் பிடித்துக்கொண்டிருக்கும். கார் மோதியதும் குண்டு காந்தத்தை விட்டு ஓடி இரண்டு கம்பிகளைத் தொடும். பை விரியும். இப்போது அந்த வேலையைச் சின்ன சிப் செய்கிறது. ஒரு விநாடியை முப்பதாகப் பங்கு போட்டால், அதில் ஒரு பங்கு நேரத்தில் பை உப்பிவிடும்.

இதற்காகக் கம்ப்யூட்டர் சும்மா இருப்பதில்லை. பையை வெடிக்கவைக்காத அளவுக்கு மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, ஒயரைச் சோதித்துக்கொண்டே இருக்கும். நல்ல சர்க்யூட்டில் தடை ஏறக்குறைய 2 ஓம். கப்ளரில் பின் தளர்ந்தாலோ பச்சை பூத்தாலோ தடை ஏறும். உடனே விளக்கு.

குடை, வாட்டர் பாட்டில்

சீட்டுக்கு அடியில் குடையையும் பாட்டிலையும் திணிப்பார்கள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது அவை ஒயரை இடிக்கும். ஜி.பி.ரோடு போன்ற இடங்களில் சீட் கவர் மாட்டிய மறுநாளே விளக்கு எரிகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது சீட்டுக்கு அடியில்தான். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், அந்தப் பக்கத்தை மூடித் தைக்கும் கவரும் கூடாது. பை வெளியே வர வழி இருக்காது.

விளக்கோடு ஹார்னும் அடிக்கவில்லையா? ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்களும் வேலை செய்யவில்லையா? அப்படியானால் ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் "கிளாக் ஸ்பிரிங்" என்ற நாடா ஒயர் அறுந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் விளக்கு வந்து வந்து போனாலும் சந்தேகம் அதன் மேல்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் கதை வேறு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் தண்ணீரில் நின்றன. பெட்டி தரையோடு இருப்பதால் முதலில் நனைவது அதுதான். வெயிலில் காயவைத்து மாட்டுவது ஆபத்து. மாற்றித்தான் ஆக வேண்டும்.

சோதனையா, மோசடியா?

தெரிந்த மெக்கானிக் ஒயரைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றுவார். சில நிமிடம் காத்திருப்பார். ஏனென்றால் பேட்டரி போன பிறகும் பெட்டியில் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும். ஏர்பேக்கில் நேராக மீட்டரை வைக்கமாட்டார். டெஸ்ட் லைட்டைக் கிட்டவே கொண்டுபோகமாட்டார். பை முகத்தில் வெடித்துவிடும். ஏர்பேக்கைக் கழற்றி, அதற்குப் பதிலாக 2 ஓம் ரெசிஸ்டரை மாட்டுவார். ஸ்கேனரில் கோளாறு மறைந்தால் பையில் கோளாறு. மறையாவிட்டால் ஒயரிலோ பெட்டியிலோ கோளாறு.

அதே ரெசிஸ்டரைச் சிலர் நிரந்தரமாகவே மாட்டிவிடுகிறார்கள்! விபத்தில் ஏர்பேக் வெடித்த காரில் புது பைக்குச் செலவழிக்க மனம் வராது. வெறும் மூடியை ஒட்டி, ரெசிஸ்டரைச் சொருகிவிட்டால் விளக்கு ஒழுங்காக வரும், ஒழுங்காக அணையும். ஸ்கேனரும் ஏமாந்துபோகும். உள்ளே பை மட்டும் இருக்காது.

இந்தியாவில் விற்கும் கார்களில் டிரைவருக்கு ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கும் 2022 முதல் கட்டாயம். அந்தக் கார்கள் இப்போது பழைய கார் சந்தைக்கு வருகின்றன. வாங்குகிறவர்கள் ஸ்டியரிங் மூடியும் டேஷ்போர்டும் ஒரே நிறமா, ஒட்டுப்போட்ட தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கலாம். மோதலில் சீட் பெல்ட்டும் இறுகி மாட்டிக்கொள்வது உண்டு. அதனால் பெல்ட்டை முழுசாக இழுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்களா என்றும் கேட்கலாம்.

அம்பத்தூர் கடைக்காரரின் காரில் கப்ளரைச் சுத்தம் செய்து அழுத்தி மாட்டினார்கள். ஒயரை சீட்டுக் கம்பியில் படாமல் கட்டினார்கள். ஸ்கேனரில் பழைய கோளாறை அழித்துவிட்டுச் சாவியைத் திருகினார்கள். விளக்கு வந்தது. ஆறு விநாடியில் அணைந்தது. சீட்டை நாலு முறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்த பிறகுதான் மெக்கானிக் காரை விட்டு இறங்கினார்.